சாரிட்டி கடையில் வாங்கலாமா? அம்மா வேண்டாம் என்கிறார் (லீட்ஸ்)

பொருநை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. பெரியவளுக்கு நாலரை வயது, ரிசப்ஷன் என்கிற பள்ளியின் முதல் வகுப்பில் சேர்த்தாயிற்று. அடுத்தது பிப்ரவரியில் பிறக்க வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டு வந்த ஸ்வெட்டர் எதுவும் இந்தக் குளிருக்குத் தாங்கவில்லை. அவளுக்கு ஒரு கோட், எனக்கு ஒன்று, ஆளுக்கொரு பூட்ஸ் என்று புதுசாக எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அப்படியே திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். விமான டிக்கெட், வாடகை முன்பணம் என்று கைக்காசு எல்லாம் கரைந்துபோன நேரம்.

எங்கள் வீட்டுப் பக்கம் வரிசையாக நான்கு சாரிட்டி கடைகள் (பிறர் கொடுத்த பழைய துணி, சாமான் விற்பவை) இருக்கின்றன. ஒரு கடை ஜன்னலில் சிவப்புக் கோட் ஒன்று, குழந்தை அளவு, 5 பவுண்டு என்று போட்டிருக்கிறது. மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். சாரிட்டி என்றால் தர்மம்தானே? என் கணவர் சம்பாதிக்கிறார். இல்லாதவர்களுக்குப் போக வேண்டியதை நாங்கள் எடுத்தால் அது பாவமில்லையா?

அம்மாவிடம் போனில் சொன்னதும் அழுதேவிட்டார். "யாரு போட்டதோ, செத்தவங்க துணியோ என்னவோ, வாயும் வயிறுமா இருக்கிறவ அதைத் தொடலாமா" என்கிறார். மூட்டைப்பூச்சி வந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்காவும் சொல்கிறார். உள்ளபடி எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் கொண்டு வந்ததில் இங்கே உதவாத சில சாமான்களை விற்கவும் முடியுமா?

ஈரோட்டுச் சந்தை எழுதியது:

தங்கச்சி, பாவமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் விலையைப் பார்த்து வாங்குங்கள். நான் மான்செஸ்டரில் இருக்கிறேன். முன்பு 2 பவுண்டுக்குக் கிடைத்த சட்டைக்கு இப்போது 6, 7 என்று போடுகிறார்கள். பிரைமார்க் என்ற மலிவு விலைத் துணிக்கடையில் புதுசே அந்த விலைக்குக் கிடைக்கிறது. போன மாதம் ஒரு சாரிட்டி கடையில் பிரைமார்க் டி-ஷர்ட்டையே கடை விலையைவிட ஒரு பவுண்டு கூடுதலாக மாட்டி வைத்திருந்தார்கள். அப்புறம் எதற்கு ஒருவர் போட்டதைப் போட வேண்டும்?

ஹெடிங்லி அக்கா எழுதியது:

பொருநை, நீங்கள் வாசல் வரை போய்த் திரும்பினதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊர் கும்பகோணம், லீட்ஸ் வந்து பதினாலு வருடம். ஆறு வருடமாக புதனும் சனியும் இப்படி ஒரு கடையின் பின்னறையில் துணி பிரிக்கிறேன். சம்பளம் கிடையாது, நானாகப் போகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த தர்மம் என்ற சொல். நம் ஆட்கள் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவது அதனால்தான். சாரிட்டி கடை அன்னதானச் சத்திரம் இல்லை. ஜனங்கள் தங்களுக்கு வேண்டாததைச் சும்மா கொண்டுவந்து கொடுக்கிறார்கள், கடை அதை விற்கிறது. வாடகை, மின்சாரம், மேனேஜர் சம்பளம் எல்லாம் போக மிச்சக் காசு அந்த அமைப்பின் வேலைக்குப் போகிறது. ஒரு கடைக்குப் புற்றுநோய் ஆராய்ச்சி, இன்னொன்றுக்கு இதயநோய், வேறொன்றுக்கு வீடில்லாதவர்கள், சிலவற்றுக்கு அந்த ஊரிலேயே இருக்கும் ஹாஸ்பிஸ் (கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம்). நீங்கள் கொடுக்கிற 5 பவுண்டுதான் இதில் தர்மம். கோட் யாருடைய பங்கும் இல்லை. நீங்கள் எடுக்காமல் விட்டால் அது சில வாரம் தொங்கிவிட்டு எடைக்கு விற்கும் மூட்டைக்குப் போகும். அப்போது கடைக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் சில்லறைதான்.

இந்தப் பழக்கம் எப்படி வேர்விட்டது என்று எங்கள் மேனேஜர்தான் எனக்குச் சொன்னார். 1942இல், போர் நடக்கும்போது, கிரேக்க நாட்டில் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உணவு அனுப்ப வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் சிலர் ஒரு குழு தொடங்கினார்கள். அதுதான் ஆக்ஸ்ஃபாம். போர் முடிந்த பிறகும் உதவி கேட்டபோது சாமான்கள் வந்து குவிந்தன. அவற்றை விற்றுக் காசாக்க 1940களின் கடைசியில் பிராட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடை போட்டார்கள். இன்றும் அந்தத் தெருவில் அந்தக் கடை இருக்கிறது. அரசாங்கமும் இதை உதவிப் பணி என்றுதான் வைத்திருக்கிறது: கொடையாக வந்த பொருளை விற்றால் வாட் வரி பூஜ்யம், கடைக்கான உள்ளூர் வரியில் 80 சதவீதம் தள்ளுபடி.

அடுத்தது உங்கள் அம்மா சொன்னது. அவர் சொல்வதில் பொய் இல்லை. இறந்தவர்களின் துணி வரத்தான் செய்கிறது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

போன மார்ச்சில் ஒரு பெரியவர் வந்தார், எண்பது வயதுக்குக் குறையாது. டாக்ஸியிலிருந்து நாலு பை இறக்கினார், எல்லாம் மனைவியின் துணி. ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டு, பொத்தான் பூட்டி, மர ஹேங்கரோடு இருந்தது. மறுநாள் காலை கடை திறக்கும் முன்னாலேயே திரும்ப வந்து நின்றார். துணி வேண்டாம், அந்த ஹேங்கர்கள் மட்டும் வேண்டுமாம். ஒவ்வொரு ஹேங்கரின் கழுத்திலும் அந்த அம்மாள் பேனாவில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைத்திருந்தார். பின்னறையில் தேடிப் பதினேழு எடுத்துக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்று இருக்க வேண்டும் என்றார். அது கடையில், ஒரு பச்சைக் கம்பளிக் கோட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய்க் கோட்டை வேறு ஹேங்கருக்கு மாற்றிவிட்டு அதையும் கொண்டுவந்தேன். பதினெட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே போனார். அந்தக் கோட்டை அடுத்த வாரம் ஒரு சின்னப் பெண் வாங்கிப் போனாள். நான்தான் மடித்துப் பையில் போட்டேன். அசுபமான ஒன்றைக் கையில் கொடுக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு அன்றைக்குத் துளியும் வரவில்லை.

உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் பிறந்ததும் உங்களை எதில் சுற்றினார்கள்? எங்கள் வீட்டில் தாத்தாவின் பழைய வேட்டி. துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது, உறுத்தும் என்பார்கள். நன்றாக வளர்ந்த பிள்ளை போட்ட சட்டையாகப் பார்த்து, நாலு வீடு தள்ளி இருந்தாலும் கேட்டு வாங்கி வந்துதான் முதலில் போடுவார்கள். உங்கள் பக்கமும் அந்த வழக்கம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அக்கா பாவாடை தங்கைக்கு, அண்ணன் புத்தகம் அட்டை மாற்றித் தம்பிக்கு என்று வளர்ந்தவர்கள்தானே நாம். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தால் அம்மா பீரோவைத் திறந்து பேரம் பேசவில்லையா? ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது நமக்குப் புதிதில்லை. இங்கே அது ஒரு கடை வழியாக, முகம் தெரியாமல் நடக்கிறது. அந்த முகம் தெரியாததுதான் அம்மாவை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது.

பின்னறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மூட்டையைப் பிரித்ததும் முதல் வேலை மோந்து பார்ப்பது. ஈர வாடை, சிகரெட் வாடை, பாச்சை உருண்டை நெடி மூன்றும் கைக்குத் தெரியும் முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். அப்புறம் பாக்கெட். பஸ் டிக்கெட், கைக்குட்டை, மிட்டாய், ஒரு தடவை தாலிச் செயின் கனத்தில் ஒரு தங்கச் சங்கிலி (கொடுத்தவரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தோம்). கம்பளித் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பூச்சி அரித்த ஓட்டை ஊசி முனை அளவில் தெரியும். குழந்தை ஜாக்கெட்டில் தலைக்குப் போடும் தொப்பியில் இழுகயிறு இருந்தால் விற்கவே கூடாது. 1976இலிருந்து சட்டம், கழுத்தை இறுக்கிவிடும் என்பதால். தேறியதை ஸ்டீமரில் நீராவி காட்டி, ஹேங்கரில் மாட்டி, அளவுக் கட்டையைச் செருகி, கிம்பிள் துப்பாக்கியால் (பிளாஸ்டிக் இழை குத்தும் கைக்கருவி) விலைச் சீட்டைத் தைப்போம். சீட்டின் மூலையில் வார எண் இருக்கும். அதை வைத்துத்தான் எது எத்தனை நாளாகத் தொங்குகிறது என்று பார்த்து எடுப்போம்.

நாங்கள் துவைப்பதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீராவிதான். வீட்டுக்குக் கொண்டுபோனதும் நீங்கள் துவைக்க வேண்டும். பருத்தியை 60 டிகிரியில் போடுங்கள். கம்பளியை அப்படித் துவைத்தால் சுருங்கிவிடும், அதைப் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பூச்சி முட்டை இருந்தாலும் செத்துவிடும். மூட்டைப்பூச்சிக்கு அதிகம் பயப்பட வேண்டிய இடம் துணி அல்ல. மெத்தை, மெத்து வைத்த நாற்காலி, கட்டில் சட்டம், இவற்றின் தையல் ஓரமும் ஆணித் துளையும்தான். அவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஈரோட்டுச் சந்தை தம்பி சொன்னது பாதி சரி. விலை போடும் தன்னார்வலர் எல்லோருக்கும் எல்லா கம்பெனியும் தெரியாது, சில நேரம் புது விலையைவிட ஏறிவிடுகிறது. நானே அப்படி ஒன்றைப் பார்த்தால் சீட்டை மாற்றச் சொல்வேன். ஆனால் மலிவான டி-ஷர்ட்டை வாங்கவா அங்கே போக வேண்டும்? அதைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய துணியில் பார்க்க வேண்டியது உள்பக்கத் துண்டுச் சீட்டு. எத்தனை சதவீதம் கம்பளி, உள்துணி தைத்திருக்கிறதா ஒட்டியிருக்கிறதா, ஜிப் உலோகமா என்று பாருங்கள். நான் 15 பவுண்டுக்கு எடுத்த முக்கால் கோட் பத்தாவது குளிர்காலத்தைப் பார்க்கிறது. உள்துணியை மட்டும் ஒரு முறை மாற்றித் தைத்தேன். புதிதாக 15 பவுண்டுக்கு வரும் கோட் இரண்டாம் வருடமே தோளில் பஞ்சு திரண்டுவிடும்.

கொடுப்பதிலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு புடவைக் கதை. மூன்று வருடம் முன் ஒரு புதன்கிழமை நான் போனபோது, திரைச்சீலை, மேசை விரிப்பு மாட்டும் கம்பியில் அரக்கு நிறத்தில் ஏதோ தொங்கியது. 4 பவுண்டு. கிட்டப் போனால் காஞ்சிப் பட்டு. கோர்வைக் கரை, மயில் சக்கரம், முந்தானையில் ஒரு சின்ன எண்ணெய்க் கறை, தோள் பக்கம் ஊக்கு குத்திய இரண்டு துளை. ரவிக்கைத் துண்டு வெட்டாமல் அப்படியே இருந்தது. யாரோ ஒருத்தி அதை ஒரு கல்யாணத்துக்குக் கட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். கம்பியில் இரண்டாக மடித்துத் தொங்கவிட்டதில் ஜரிகை மடிப்பு விழுந்து உடையத் தொடங்கியிருந்தது. எடுத்து மேசையில் விரித்து, மடிப்பு மாற்றி மடித்து, மேனேஜரிடம் இது என்ன, எத்தனை நாள் தறியில் இருந்திருக்கும், ஊரில் என்ன விலை என்று சொன்னேன். அவர் உடனே ஜன்னலில் வைக்கச் சொன்னார், 45 பவுண்டு. மூன்றாம் நாள் ஒரு தெலுங்குப் பெண், இங்கே எம்.எஸ்சி. முடித்தவள், பட்டமளிப்பு விழாவுக்கு என்று வாங்கினாள். கட்டத் தெரியவில்லை என்றாள், உடை மாற்றும் அறையில் நான்தான் கொசுவம் வைத்துக் காட்டினேன்.

அதனால் நம் ஊர்ச் சாமானைக் கொடுத்தால், இது இன்னது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் புடவை திரைச்சீலை ஆகிவிடும், குத்துவிளக்கு மெழுகுவத்தித் தண்டு ஆகிவிடும்.

கொடுக்கும்போது கிஃப்ட் எய்ட் படிவம் கேட்பார்கள். உங்கள் கணவர் இங்கே வருமான வரி கட்டுவதால், அவருடைய சாமானைக் கொடுக்கும்போது அவரே அதை நிரப்பட்டும். உங்கள் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கத்திடமிருந்து கூடுதலாக 25 பென்ஸ் கடைக்குக் கிடைக்கும், உங்கள் கையிலிருந்து ஒன்றும் போகாது. எவ்வளவுக்கு விற்றது என்று பிறகு கடிதம் வரும். என் கணவரின் பழைய புத்தகப் பெட்டி 31 பவுண்டு ஆனது என்று கடிதம் வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கடை மூடிய பிறகு வாசலில் மூட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள். லீட்ஸ் மழையில் காலைக்குள் ஊறிவிடும், ஊறியதைக் குப்பையில் போடக் கடைதான் காசு கட்ட வேண்டும். கிழிந்தது, சாயம் போனது இருந்தால் தனிப்பையில் 'rag' (கந்தல்) என்று எழுதி, எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதுவும் எடைக்குப் போகும்.

எடைக்குப் போவது எங்கே என்று ஒரு நாள் கேட்டேன். ஆக்ஸ்ஃபாமின் துணி தரம்பிரிக்கும் கூடம் இங்கிருந்து பத்து மைல்கூட இல்லை, பேட்லியில். அதே பேட்லியில்தான் 1813இல் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்து நாராக்கி, மறுபடி நூல் நூற்றுத் துணி நெய்தார். ஷாடி என்று அதற்குப் பெயர். அந்தத் தொழில் இங்கே அடங்கி இப்போது பெரிய அளவில் நடப்பது ஹரியானாவில், பானிபட்டில். உலகத்துப் பழைய ஸ்வெட்டர் எல்லாம் அங்கே நிறம் நிறமாகப் பிரிந்து, கிழிந்து, நூலாகிப் போர்வையாகிறது. நம் ஊர் ரயிலில், முகாமில் போர்த்திய சாம்பல் போர்வை ஒன்றில் இந்த ஊர்க் கோட் இருந்திருக்கலாம். பானிபட்டில் அந்தத் தூசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு துணி எவ்வளவு காலம் துணியாகவே உடுத்தப்படுகிறதோ அவ்வளவு நல்லது.

அந்தச் சிவப்புக் கோட்டைப் போய் எடுங்கள். இந்நேரம் போகாமல் இருந்தால் நல்லது.

வல்லிபுரம் எழுதியது:

தங்கச்சி, விற்கிறதைப் பற்றி நான் சொல்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணம், லண்டன் ஹரோவில் இருபத்திரண்டு வருசம். மூன்று பிள்ளைகளின் உடுப்பும் சப்பாத்தும் இப்படித்தான் வந்தன, இப்படித்தான் போயின.

உடுப்பு என்றால் வின்டெட் என்ற இணையத் தளம். விற்கிற ஆளிடம் காசு எடுக்கமாட்டார்கள், வாங்கிறவர்தான் தபாற் செலவும் பாதுகாப்புக் கட்டணமும் கட்டுவார். பொதி செய்து பக்கத்துக் கடையிலோ லொக்கரிலோ போட்டுவிட்டால் சரி. பாத்திரம், மின்சாமான், புத்தகம் என்றால் ஈபே. 2024 ஒக்டோபரில் இருந்து சொந்தச் சாமான் விற்கிற தனியாட்களிடம் அங்கேயும் கட்டணம் இல்லை, வாகனங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் எடுங்கோ, கறை இருந்தால் கறையையும் கிட்ட எடுத்துப் போடுங்கோ. மறைத்தால் திரும்பி வரும், பெயரும் கெடும்.

கனக்கச் சாமான் என்றால் கார் பூட் சேல். ஞாயிறு விடிய ஆறு மணிக்கு ஒரு பெரிய வெளியில் காரை நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்து, முன்னால் மேசை போட்டு விற்கிறது. நாங்கள் போனால் இடத்துக்கு 12 பவுண்டு எடுப்பார்கள். ஒருமுறை மூத்தவளின் சைக்கிள், வயலின், பொம்மை வீடு எல்லாம் விற்று 140 பவுண்டு கொண்டு வந்தோம். வயலினை ஒரு தகப்பன் வாங்கினார், அவருடைய மகன் அங்கேயே பெட்டியைத் திறந்து கன்னத்தோடு வைத்துப் பார்த்தான். என்ர மகள் அவனுக்கு வில்லுக்கு ரொசின் பூசிக் காட்டினாள்.

வரியைப் பற்றிச் சிலர் வெருட்டுவார்கள். வருசத்தில் 30 பொருள் விற்றாலோ, கிட்டத்தட்ட 1,700 பவுண்டைத் தாண்டினாலோ அந்தத் தளங்கள் உங்கள் விவரத்தை வரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் வரி வரும் என்று கருத்தில்லை. தான் உடுத்த உடுப்பை வாங்கின விலைக்குக் குறைய விற்கிறவருக்கு லாபம் எங்கே? விற்கிறதுக்கென்றே வாங்கி விற்றால்தான் அது வியாபாரம். அதிலும் வருசம் 1,000 பவுண்டு வரை வரவுக்கு விலக்கு உண்டு. மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் மட்டும் வியாபாரம் பக்கம் போகக்கூடாது, விசாவுக்கே ஆபத்து.

இன்னொன்று. பள்ளிச் சீருடையைப் புதிதாக வாங்கமுன் பள்ளிக்கூட ஒஃபீசில் கேளுங்கோ. பழைய சீருடை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அரசாங்க விதியே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் பெற்றோர் சங்கம் கம்பளிச் சட்டை ஒன்று ஒரு பவுண்டுக்குத் தந்தது.

பொருநை எழுதியது:

அக்கா, கோட் இருந்தது! நேற்றுப் பள்ளி விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கை ஒரு அங்குலம் நீளம், மடித்து விட்டிருக்கிறேன், அடுத்த வருடமும் வரும். உள்பக்கக் கழுத்துச் சீட்டில் வேறு ஒரு குழந்தையின் பெயர் மையில் எழுதியிருக்கிறது. இவள் அதைப் பார்த்துவிட்டு "இந்தப் பாப்பா இப்ப பெரிசாயிட்டாளா?" என்றாள். ஆமாம், அதனால்தான் உனக்குக் கொடுத்திருக்கிறாள் என்றேன். அந்தப் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

எனக்கும் ஒன்று 9 பவுண்டுக்கு எடுத்தேன், வயிற்றுக்கும் இடம் இருக்கிறது. அம்மாவிடம் வேட்டியைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உன்னை உங்க ஆச்சி சேலையிலதான் சுத்துனோம், தொட்டிலும் அதுதான்" என்றார். அந்தச் சேலையில் ஒரு துண்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன் என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. பிறக்கப்போகிற குழந்தைக்குக் கட்டில், கார் சீட், எங்களுக்கு ஒரு சோபா, இதெல்லாம் பழசு வாங்கலாமா? அப்புறம், எனக்கும் உங்களைப் போல ஒரு நாள் கடைக்கு வர முடியுமா? வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

ஹெடிங்லி அக்கா எழுதியது:

கோட் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா! இரண்டு பெயரும் இருக்கட்டும், துவைத்தால் போகாத மைதானே?

கார் சீட் மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது, அதனால் கடைகளும் எடுப்பதில்லை. சைக்கிள் ஹெல்மெட்டும் அப்படித்தான். கட்டில் பழசு வாங்கலாம். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமில்லாமல், எல்லாத் திருகும் இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். மெத்தை மட்டும் புதிது வாங்குங்கள், கெட்டியாக, தட்டையாக, கட்டிலின் ஓரம் வரை இடைவெளி விடாமல். மிட்வைஃபைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

சோபாவில் பார்க்க வேண்டியது தீப்பிடிக்கும் தன்மை பற்றிய நிரந்தரச் சீட்டு. மெத்தையைத் தூக்கினால் அடியில் தைத்திருக்கும். 1988ஆம் வருட விதி. சீட்டு இல்லாவிட்டால் கடையில் விற்க முடியாது, எவ்வளவு நல்ல சோபாவானாலும் சரி. சீட்டை வெட்டி எறிந்துவிட்டு, பிறகு கொடுக்க வந்து ஏமாந்து போகிறவர்களை மாதா மாதம் பார்க்கிறேன். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்கு மரச்சாமான், மின்சாமான்களுக்கென்றே பெரிய கடைகள் உண்டு. மின்சாமானைச் சோதித்துத்தான் விற்பார்கள். இப்போதைக்குச் சோபா இல்லாமல் சமாளிக்க முடியுமானால் ஜூன் கடைசி வரை பொறுங்கள். ஹெடிங்லி, ஹைட் பார்க் பக்கம் மாணவர்கள் வீடு காலி செய்யும்போது வந்து குவிவதை வைக்க எங்களுக்கே இடம் இருக்காது. சட்டி, தட்டு, மேசை விளக்கு, புத்தம்புதுப் போர்வை எல்லாம் வரும்.

கடைக்கு வருவது பற்றி: தாராளமாக வாருங்கள். கணவரோடு வந்தவருக்கான டிபெண்டன்ட் விசாவில் உங்களுக்கு வேலை செய்யவே அனுமதி இருக்கும், அதனால் தடை இல்லை. மேனேஜரிடம் பேசிவிட்டேன். மூட்டை தூக்க விடமாட்டோம், ஸ்டீமர் பக்கமும் வேண்டாம், வெக்கை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கிறது. குழந்தைப் புத்தகங்களைப் பிரித்து, பக்கம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, விலை ஒட்டும் வேலை. நானும் முதலில் அங்கேதான் உட்கார்ந்தேன். அந்தக் குளிர்காலத்தில் என்னிடம் வாரம் இரண்டு வார்த்தை பேசியவர்கள் கடைக்காரர்கள் மட்டும்தான். இப்போது எந்தத் தெருவில் நடந்தாலும் யாராவது கை காட்டுகிறார்கள்.

புதன் காலை பத்து மணிக்கு வாருங்கள். முன்வாசல் திறந்திருக்காது, பக்கச் சந்தில் நீலக் கதவு, மணியை இரண்டு முறை அடியுங்கள். சாப்பாடு எடுத்து வர வேண்டாம், புளியோதரை கொண்டு வருகிறேன். போகிக்கு முன்னால் வீட்டில் ஒதுக்கியது ஏதாவது இருந்தால், நான் வருடா வருடம் செய்வதுபோல, அன்றைக்கே ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.